மலை ஓடை நீரும் சோதனைச் சீசாவும்

பழனி மலைத்தொடரின் மேல் நின்று நோக்குவோர்க்கு நாற்புறமும் நீர் இறங்குவது தெரியும். வடக்கே பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு, கிழக்கே மருதாநதி, தெற்கே மஞ்சளாறும் பாம்பாறும். பழனி, ஆயக்குடி, அய்யம்பாளையம், தேவதானப்பட்டி, பெரியகுளம் முதலிய ஊர்களின் வயல்களும் தோப்புகளும் இம்மலையின் சோலைகளில் ஊறும் நீரை நம்பியுள்ளன. மலையின் மேலேயுள்ள சிற்றூர்களோ இன்னும் நேராக அதை நம்பி வாழ்கின்றன. பல இடங்களில் குழாய் நீர் என்று நாம் சொல்வது, ஓடையில் ஒரு சிறு தடுப்புக் கட்டி, அங்கிருந்து குழாய் வழியாகத் தொட்டிக்கும், தொட்டியிலிருந்து தெருவுக்கும் இறங்கி வரும் ஓடை நீரே. பூண்டு, காரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ் பயிரிடும் விவசாயிகளும் அதே ஓடையில் ரப்பர்க் குழாயை இட்டுத் தங்கள் படிக்கட்டு நிலங்களுக்கு நீர் கொண்டு போகின்றனர். ஆகவே, குடிக்கும் நீரும் பாயும் நீரும் இங்கே ஒன்றே.

தெளிந்த நீர், குளிர்ந்த நீர், ஓடும் நீர் ஆகிய மூன்றும் நல்ல நீருக்கு அடையாளம் என்பது நம் மக்களின் நெடுநாளைய நம்பிக்கை. ஓடுகிற நீரில் தீட்டில்லை என்றும் சொல்வர். இந்நம்பிக்கை முற்றிலும் தவறன்று. தேங்கிக் கலங்கிய குட்டை நீரைக் காட்டிலும் ஓடை நீர் மேலானதே. ஆனால் நோய்க்கிருமி கண்ணுக்குத் தெரியாது. குளிர்ச்சி அதைக் கொல்வதில்லை. ஓட்டம் அதைக் கீழூருக்குக் கொண்டு சேர்க்கிறது, அவ்வளவே.

மலையிலேயே இதற்கு இரு உதாரணங்கள் உண்டு. பேரிஜம் ஏரி அடர்ந்த காட்டினுள் உள்ளது. வனத்துறையின் அனுமதியின்றி எவரும் அங்கே செல்ல இயலாது. அந்நீர் பெரியகுளம் நகருக்குக் குடிநீராகச் செல்கிறது. கொடைக்கானல் ஏரியோ, 1863-ஆம் ஆண்டில் மதுரை ஜில்லாக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு துரை அணையிட்டு உண்டாக்கியது. இன்று அதைச் சுற்றிலும் நகரம் வளர்ந்து நிற்கிறது. அந்த ஏரியின் வழிநீர்தான் வத்தலக்குண்டுச் சாலையில் வெள்ளி அருவியாக விழுகிறது. அருவியின் அழகில் மயங்கி அதைக் கையில் ஏந்திக் குடிக்கும் யாத்திரிகர், அது எவ்விடத்திலிருந்து வருகிறதென்பதை நினைப்பதில்லை. இரண்டும் ஒரே மலை, ஒரே மழை. நீர் எடுக்கும் இடத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்பதே இரண்டுக்கும் உள்ள வேற்றுமை.

நாம் செய்த பிழை

நீர்ச் சோதனையைப் பற்றி எழுத நாம் முற்பட்டதற்குக் காரணம் நம் சொந்தப் பிழை ஒன்று. அதை மறைக்காமல் சொல்லுவதே பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு உபயோகமாயிருக்கும்.

மேல்மலைச் சிற்றூர் ஒன்றில் மார்கழி மாதத்தில் ஓடை நீரைச் சோதித்தோம். கிருமிச் சோதனைக்கென்று தரப்படும் சிறு சீசாவில் நீரை நிரப்பி, பஞ்சாயத்து அலுவலகத்தின் ஜன்னல் மாடத்தில் வைத்தோம். நீர் கறுத்தால் கெட்டது; கறுக்காவிட்டால் நல்லது. இரண்டு நாட்கள் கழித்துப் பார்த்தபோது சீசாவில் நீர் சற்றும் நிறம் மாறவில்லை. "குடிக்கத் தக்கது" என்று பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டுத் திரும்பினோம். தை பிறந்த பின் அவ்வூரில் குழந்தைகள் சிலருக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. கிராமச் சுகாதாரச் செவிலியர் வந்து, "தண்ணீரைப் பார்த்தீர்களா, ஐயா?" என்று கேட்டபோது, பார்த்தோம் என்றே பதில் சொன்னோம்.

பிழையை எடுத்துக் காட்டியவர் அவ்வூர் மகளிர் குழுவைச் சேர்ந்த ஒரு மூதாட்டி. "மார்கழியிலே இட்டிலி மாவே ரெண்டு நாளானாலும் பொங்காது, அடுப்படியிலே வைச்சாத்தான் பொங்கும். இந்தச் சீசாவை மட்டும் ஜன்னல்லே வைச்சா எப்படி?" என்றார். பட்டப்படிப்பும் பயிற்சியும் பெற்ற நமக்கு இது தோன்றவில்லை. மறுநாள் அதே ஓடையின் நீரைப் புதிய சீசாவில் எடுத்து, துணியில் சுற்றி, அவர் வீட்டு அடுப்பங்கரையில் மாவுப் பானைக்கு அருகில் வைத்தோம். அடுத்த நாள் மாலை அது மை போலக் கறுத்திருந்தது.

சீசா எவ்வாறு வேலை செய்கிறது?

இச்சோதனை நம் நாட்டிலேயே தோன்றியது. குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மாஞ்சா முதலிய விஞ்ஞானிகள் 1982-இல் இதை வெளியிட்டனர். மனித மலமும் பிராணிகளின் சாணமும் கலந்த நீரில் வாழும் கிருமிகளிற் பல, கந்தகச் சத்தைத் தின்று ஹைட்ரஜன் ஸல்பைடு என்னும் அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவை வெளிவிடும். சீசாவின் அடியிலுள்ள காகிதத்தில் அக்கிருமிகளுக்கு வேண்டிய உணவும், கந்தகப் பொருளும், இரும்பு உப்பும் ஊறவைக்கப்பட்டு உலர்த்தப்பட்டிருக்கின்றன. வாயு உண்டானவுடன் இரும்புடன் கூடிக் கறுப்பாகிறது. மின்சாரமோ உயர்ந்த கருவிகளோ வேண்டாத எளிய சோதனை இது; அதனாலேயே உலகின் பல நாடுகளிலும் பரவிற்று.

ஆனால் கிருமி வளர்ந்தால்தான் வாயு உண்டாகும். வெதுவெதுப்பு இருந்தால்தான் கிருமி வளரும். 30 முதல் 37 டிகிரி வரை இருந்தால் ஒரு நாளிலோ இரண்டு நாட்களிலோ முடிவு தெரிந்துவிடும். சமவெளியில் இது இயல்பாகவே அமைகிறது. வத்தலக்குண்டில் சீசாவை எங்கே வைத்தாலும் சோதனை நடக்கும். 20 டிகிரிக்குக் கீழே கிருமிகள் மெதுவாகவே பெருகும். இரண்டு நாட்கள் போதா. மன்னவனூரிலும் பூம்பாறையிலும் கூக்காலிலும் குளிர்கால இரவில் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது உண்டு. அந்தக் குளிரில் வைத்த சீசா கறுக்காதது நீரின் நன்மையைக் காட்டாது. கிருமி உறங்குவதையே காட்டும். அதே நீர் குழந்தையின் வயிற்றினுள் சென்றதும், அங்கே 37 டிகிரி வெப்பம் காத்திருக்கிறது.

ஆகவே மேல்மலையில் சோதனை செய்வோர் சீசாவைத் துணியில் சுற்றி அடுப்பின் பக்கத்தில் வைக்க வேண்டும். கையால் தொட்டால் இதமாயிருக்க வேண்டும். சுட்டால் கிருமி செத்துவிடும், அதுவும் பொய் முடிவே. உட்சட்டைப் பையில் வைத்து உடம்புச் சூட்டிலேயே இரண்டு நாள் காப்பதும் உண்டு. இன்னொரு முறையையும் நாம் இப்போது தவறாமல் கையாளுகிறோம். ஒவ்வொரு முறையும் மூன்று சீசாக்களை எடுக்கிறோம். ஒன்றில் சோதிக்க வேண்டிய ஓடை நீர். இரண்டாவதில் கொதிக்க வைத்து மூடி ஆறவைத்த நீர். மூன்றாவதில் தெருச் சாக்கடை நீர் சிறிது கலந்த நீர். மூன்றையும் ஒரே இடத்தில் வைக்கிறோம். சாக்கடை கலந்த சீசாவே கறுக்காவிட்டால் வெப்பம் போதவில்லை, அல்லது சீசாக்கள் பழையவை என்று பொருள்; அன்றைய சோதனை செல்லாது. கொதித்த நீர் கறுத்தால் நம் கையோ சீசாவோ அசுத்தம். இதற்கு ஆகும் செலவு இரண்டு சீசாக்களே. நீர் ஊற்றிய சில நிமிடங்களுக்குள்ளேயே கறுத்தால், நீரில் ஏற்கெனவே கந்தக வாயு கரைந்திருக்கிறதென்று கொள்ள வேண்டும். அது வேறு விஷயம்.

சீசா கறுத்தால் எத்தனை கிருமிகள் என்று அது சொல்லாது. குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி (ஐ.எஸ். 10500, 2012) 100 மில்லிலிட்டர் நீரில் ஈ. கோலி என்னும் குடற்கிருமி ஒன்றுகூட இருத்தலாகாது. எண்ணிக்கை அறிய வேண்டுமாயின், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்குச் சுத்திகரித்த சீசாவே வேண்டும். ஓடையின் நடுவில், நீரோட்டத்துக்கு எதிர்முகமாக வாயைத் திருப்பி, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே திண்டுக்கல் சேர்க்க வேண்டும். ஒரு நாளுக்கு மேல் கடந்த நீரைச் சோதிப்பதில் பயனில்லை. குளோரின் இட்ட தொட்டி நீரானால், குளோரினை முறிக்கும் தயோசல்பேட்டு இட்ட சீசாவைக் கேட்டுப் பெற வேண்டும். இல்லையேல் வழியிலேயே கிருமிகள் மடிந்து முடிவு மாறும்.

மேலே நடந்து பாருங்கள்

நாம் சொன்ன சிற்றூரில், சீசா கறுத்த மறுநாள், பஞ்சாயத்துத் தலைவரும் அங்கத்தினர் இருவரும் நம்முடன் ஓடையோரமாக மேலே நடந்தனர். நீர்த்தடுப்புக்கு முந்நூறு அடி மேலே, சென்ற மழைக்குப் பின் புதிதாகப் போட்ட பட்டி ஒன்று இருந்தது. பொதிக்குதிரைகளையும் மாடுகளையும் இரவில் அங்கே கட்டியிருந்தனர். அதற்கு அப்பால் காரட் பாத்திக்கு இட்டிருந்த கோழி எரு, மழையில் கரைந்து வாய்க்காலாக ஓடையில் இறங்கிய தடமும் தெரிந்தது. பட்டிக்காரர் நம்மைக் கண்டு பயந்துவிட்டார். அவர்மீது குற்றமில்லை, தண்ணீர் எங்கே பிடிக்கிறார்களென்று அவருக்கு எவரும் சொல்லவில்லை.

இங்கே அயல்நாட்டுச் செய்தி ஒன்றைச் சொல்வது பொருந்தும். கனடா தேசத்தில் ஒண்டாரியோ மாகாணத்தில் வாக்கர்ட்டன் என்னும் சிற்றூர் உண்டு. 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே பெருமழை பெய்தது. அருகிலுள்ள பண்ணையின் சாண எரு மழை நீரில் கரைந்து ஊரின் ஆழமில்லாத குடிநீர்க் கிணற்றில் புகுந்தது. குளோரின் அளவைத் தினந்தோறும் பார்க்க வேண்டிய ஊழியர்கள் பாராமலே பொய்யளவு எழுதிவந்தனர். ஏழு பேர் இறந்தனர். 2,300-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். பின்னர் நடந்த நீதி விசாரணையில், பண்ணைக்காரர் எருவை முறைப்படியே இட்டிருந்தார், அவர் மேல் பிழையில்லை என்று கண்டனர். நிலத்துக்கு உரிய எரு கிணற்றுக்கு அருகே வந்ததும், பதிவேட்டில் பார்க்காததை எழுதியதுமே கேடு. செல்வமும் இயந்திரமும் மிகுந்த நாட்டிலேயே இவ்வாறு நேர்ந்ததென்றால், நம் ஊர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தொங்கும் பதிவேட்டை நாம் சற்றுக் கவனமாகப் பார்க்க வேண்டாமா?

மழையைப் பற்றி அச்செய்தி கூறும் பாடமும் முக்கியமானது. வெயிற்காலத்தில் ஓடை நீர் பெரும்பாலும் ஊற்று நீர், சோதனையில் தேறிவிடும். கோடையின் முதல் பெருமழையிலும், ஐப்பசி அடைமழை தொடங்கும்போதும், மாதக்கணக்காக நிலத்தில் கிடந்த அழுக்கு முழுவதும் ஒரே நாளில் ஓடையில் இறங்குகிறது. ஆகவே பார்வையாளர் வரும் தேதியில் சோதிப்பதைவிட, மழை பெய்த மறுநாள் சோதிப்பதே சிறப்பு. நனைந்துகொண்டு போக வேண்டும் என்பது உண்மைதான்.

நிறம் காட்டும் சோதனைகளும் காட்டாத நஞ்சும்

ஜல ஜீவன் இயக்கம் 2019-இல் தொடங்கிய பின்னர், கிராமந்தோறும் பெண்கள் ஐவருக்குப் பயிற்சியளித்துக் களச் சோதனைப் பெட்டியைக் கையாளச் செய்யும் ஏற்பாடு வந்தது. நீரில் மருந்துத் துளிகளை விட்டு, தோன்றும் நிறத்தை அட்டையுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை அது. பி.எச். என்னும் அமில-கார நிலை 6.5 முதல் 8.5 வரை இருக்கலாம். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம். இம்மலைப் பாறைகள் எளிதில் கரையாதவை. எனவே ஓடை நீரில் உப்பும் கடினத் தன்மையும் குறைவு. சமவெளிக் கிணறுகளில் கவலை தரும் புளோரைடும் இங்கே பெரிய பிரச்சினையன்று.

மலை விவசாயி கவனிக்க வேண்டியது நைட்ரேட்டு. யூரியாவும் எருவும் அளவுக்கு மீறினால், பயிர் எடுத்துக்கொண்டது போக மீதி நைட்ரேட்டாக மாறி மழையில் கரைந்துவிடும். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தல் கூடாது; இதில் விலக்கு எதுவுமில்லை. கைக்குழந்தைக்குப் பால் மாவு கரைக்கும் நீரில் அது மிகுந்தால், இரத்தம் பிராணவாயுவை ஏந்த இயலாமல் குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட்டோ நீர் சுண்டச் சுண்ட அதிகமாகும். வீட்டுப் பெண்களுக்கு இவ்வேற்றுமையை விளக்கிச் சொல்ல வேண்டும்.

பெட்டி காட்டாத பொருள்களும் உண்டு. கொடைக்கானல் மக்கள் இதை வருந்தி அறிந்தனர். நகரில் 1980-களில் தொடங்கிய வெப்பமானித் தொழிற்சாலை, பாம்பாற்றுச் சோலைக்கு மேலுள்ள சரிவில் இருந்தது. 2001 மார்ச்சில் பாதரசம் படிந்த கண்ணாடிச் சில்லுகள் மூஞ்சிக்கல்லில் பழைய சாமான் கடையொன்றில் மூட்டை மூட்டையாகக் கிடந்ததைப் பொதுமக்கள் கண்டுபிடித்தனர், ஆலை மூடப்பட்டது. 2003-இல் கழிவின் ஒரு பகுதி அமெரிக்காவுக்குத் திருப்பியனுப்பப்பட்டது. பாம்பாறு கீழே கும்பக்கரை அருவியாகிப் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. குடிநீரில் பாதரசத்துக்கு அனுமதி லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். இவ்வளவு சிறிய அளவை நிறத்தாலோ மணத்தாலோ ருசியாலோ அறிய வழியில்லை. நம் பெட்டியாலும் முடியாது. நுண்ணிய கருவிகளுள்ள பெரிய பரிசோதனைக் கூடத்தில், அதற்கென்றே கேட்டால்தான் பார்ப்பர். பூச்சிமருந்துகளும் அப்படியே. ஆகையால் "எல்லாச் சோதனையும் செய்தாயிற்று" என்று எவரேனும் சொன்னால், எந்தெந்தப் பொருளுக்குச் செய்தீர்கள் என்று கேட்பது அங்கத்தினரின் உரிமை. ஓடையின் மேல் பக்கம் பட்டறையோ ஆலையோ மருந்துக் கிடங்கோ இருந்தால், அதைக் கடிதத்தில் எழுதி நீரை அனுப்ப வேண்டும்.

பாசனத்துக்கு

பாசன நீரில் முதலில் பார்க்க வேண்டியது உப்பு. நீரின் வழியே மின்சாரம் எவ்வளவு எளிதில் பாய்கிறதென்பதைக் காட்டும் சிறு கருவியால் இதை நொடியில் அறியலாம். 1954-இல் அமெரிக்க விவசாய இலாகாவின் உப்புநில ஆராய்ச்சிச் சாலை வகுத்த பிரிவே இன்றும் வழங்குகிறது: 250 மைக்ரோ சீமென்ஸ் வரை எல்லாப் பயிருக்கும் ஏற்றது, 750 வரை பெரும்பாலும் தீங்கில்லை, 2,250-க்கு மேல் சாதாரணப் பயிருக்கு உதவாது. உப்பினுள் சோடியம் மிகுந்து சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் களிமண் இறுகிப்போகும். நீர் உள்ளே இறங்காது. இதை அறியச் சோடியம் விகிதம் கணக்கிட வேண்டும். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் ஒரு லிட்டர் நீர் கொடுத்தால் பார்த்துச் சொல்வர்.

மலையிலிருந்து இறங்கும் நீருக்குச் சமவெளியில் என்ன நேர்கிறதென்பதைக் கொடகனாறு காட்டுகிறது. கீழ்ப்பழனி மலைச் சரிவில் தோன்றும் அவ்வாறு ஆத்தூரில் காமராசர் அணையில் தேங்கித் திண்டுக்கல்லுக்குக் குடிநீராகிறது. அதே ஆற்றுப் படுகையில், திண்டுக்கல்லைச் சுற்றித் தோல் பதனிடும் தொழில் பெருகிய இடங்களில், கழிவிலுள்ள உப்பும் குரோமியமும் நிலத்தடி நீரில் இறங்கின. பல கிணறுகள் குடிக்கவும் பாய்ச்சவும் தகாதவையாயின. தென்னையின் ஓலை கருகிய பிறகு சோதிப்பதைக் காட்டிலும், ஆண்டுக்கு இருமுறை கருவியை நீரில் நனைத்து எண்ணை எழுதி வைப்பது எளிது. எண் ஏறிக்கொண்டே போவது தெரிந்தால், புகார் மனுவுக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

மேல்மலையில் உப்புக் கவலை இல்லையென்றாலும் கிருமிக் கவலை உண்டு. உருளைக்கிழங்கைச் சமைத்தே உண்கிறோம். காரட்டைப் பச்சையாகவே கடிக்கிறோம். கீரைக் கோசு வகைகளையும் பச்சையாகத் தின்பவர் பலர். அவ்வாறு உண்ணும் பயிருக்குப் பாயும் நீரில் 100 மில்லிலிட்டருக்கு மலக்கிருமி 1,000-க்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989-இல் வரையறுத்தது. அறுவடைக்குப் பின் காரட்டைக் கழுவும் நீரைப் பற்றி நம் விவசாயப் பெருமக்கள் இன்னும் அதிகமாக எண்ண வேண்டும். நிலத்தில் சுத்தமாயிருந்த காயைக் கழுவுமிடத்தில் கெடுப்பது நஷ்டமான காரியம்.

கறுத்த பின் செய்ய வேண்டியவை

சீசா கறுத்தால் ஓடையைக் கைவிட வேண்டுமென்பதில்லை. தொட்டியில் 1,000 லிட்டர் நீருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் சுமார் இரண்டரை கிராம் என்று தொடங்கி, பவுடரைத் தனி வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரைமணி நேரம் நிற்கவிட வேண்டும். பின் கடைசி வீட்டுக் குழாயில் சோதித்தால் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மீதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அளவைக் கூட்ட வேண்டும். கலங்கல் நீர் குளோரினைத் தானே தின்றுவிடும். ஆகவே மழை நாளில் அதிகம் வேண்டியிருக்கும். திறந்து கிடந்த பவுடரில் வாசனை இருக்கும், வலிமை இராது. வீட்டில் காய்ச்சிக் குடிப்போர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் அங்கே நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குமிழி வந்தவுடன் இறக்காமல் மூன்று நிமிடம் கொதிக்கவிடுதல் நலம்.

நாம் குறித்த ஊரில் பட்டியை ஓடைக்கு அப்புறமுள்ள சரிவுக்கு மாற்றிவிட்டனர். நீர்த்தடுப்பை மேலே கொண்டுபோகக் குழாய்க்கு வேண்டிய தொகையைப் பஞ்சாயத்துத் தீர்மானித்திருக்கிறது. காரட் பாத்திக்கும் ஓடைக்கும் இடையே புல் வரப்பு விடுவது பற்றி விவசாயிகள் இருவர் இன்னும் இணங்கவில்லை; நிலத்தில் நான்கடி போகிறதே என்கின்றனர். அது நியாயமான பேச்சே. மாற்றாக என்ன தரலாமென்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். மார்கழியில் "குடிக்கத் தக்கது" என்று எழுதிய வரியை அடித்து, அதன் பக்கத்தில் காரணத்தையும் தேதியையும் எழுதி மீண்டும் கையொப்பமிட்டோம். சோதனைச் சீசாக்கள் இப்போது அலுவலக அலமாரியில் இல்லை; அந்த மூதாட்டியின் அடுப்பங்கரையில் இருக்கின்றன. அடுத்த சோதனை ஐப்பசியில், முதல் மழைக்கு மறுநாள்.